ஆடு ஓடிப் போச்சு: கதைச் செயலி செய்பவர்களுக்கு ஒரு மடல்

தமிழில் குழந்தைகளுக்குக் கதைச் செயலிகள் உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். 2021இல் தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தவள் நான். மாலையானால் எங்கள் தெருப் பிள்ளைகள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அதிகம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கைபேசி, என்னுடையது.

உங்கள் உழைப்பால் எங்களுக்குக் கிடைத்தது அதிகம். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்தைத் திறந்துவிட்ட பிறகு, பணம் கொடுக்காமலே தமிழ்ப் படக்கதைகள் கைக்கு வந்தன. கூகுளின் ரீட் அலாங்கில் பிள்ளை வாய்விட்டுப் படித்தால் செயலி காது கொடுத்துக் கேட்கிறது. வீட்டில் படித்துக்காட்ட ஆளில்லாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வேறு சில செயலிகளில், யானையைத் தொட்டால் பிளிறுகிறது, மரத்தைத் தொட்டால் பழம் விழுகிறது. ஒரு சிறுமி அப்படி ஒரு கதையை முழுக்கப் பார்த்து முடித்தாள். "யானைன்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டேன். யானைப் படத்தின் மேல் விரலை வைத்தாள். கீழே இருந்த வரியை அவள் கண் தொடவே இல்லை. தயவுசெய்து முதலில் எழுத்தைத் தொடவிடுங்கள். சொல்லைத் தொட்டதும் சொல் ஒலிக்கட்டும், அப்புறம் யானை பிளிறட்டும்.

எழுதப் பழக்கும் பகுதியிலும் ஒரு சிக்கல். 'கொ' என்று ஒலி கேட்டதும் பிள்ளை முதலில் 'க' எழுதிவிடுகிறது. பிறகு கொம்பை எங்கே போடுவது என்று திணறுகிறது. காதில் முதலில் விழுவது க், கையோ கொம்பில் தொடங்க வேண்டும். ஆங்கில எழுத்துப் பயிற்சியின் அச்சில் தமிழை ஊற்றினால் இந்தத் திணறல் உங்கள் கண்ணில் படாது. கொம்பு, க, கால் என்று மூன்றையும் தனித்தனியாக வரைந்து காட்டி, கடைசியில் சேர்த்து ஒலியுங்கள்.

நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் வேறு. பாடப்புத்தகத்தைத் திறந்தாலே தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு பையன், ஒருநாள் ஓடிவந்து, "எங்க ஆடு ஓடிப் போச்சு" என்றான். அதை அப்படியே திண்ணையில் சாக்பீசால் எழுதினேன். 'போய்விட்டது' என்று திருத்தவில்லை. அவன் விரல் வைத்து, சொல் சொல்லாகப் படித்தான். இரண்டு முறை, மூன்று முறை. தான் சொன்னது தரையில் இருக்கிறது என்று மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினான். மறுநாள் 'ஆடு' என்று அவனாகவே எழுதினான். அ, ஆ என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் நடக்காதது அது.

நீங்கள் தரும் கதைகளில் பிள்ளை கேட்பவராக மட்டுமே இருக்கிறது. அது சொல்லும் கதைக்கும் ஓரிடம் வையுங்கள். பிள்ளை பேசட்டும், பேசியது பேசியபடியே பெரிய எழுத்தில் திரையில் வரட்டும். 'போறான்' என்று சொன்னால் 'செல்கின்றான்' என்று மாற்ற வேண்டாம். எழுத்துத் தமிழ் பின்னால் வரும். நாங்கள் இருக்கிறோம், சொல்லிக்கொடுப்போம். அந்தக் கதையைச் சேமித்து, மறுநாள் திரும்பப் படிக்க வழி இருக்க வேண்டும். இணையம் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும், எங்கள் தெருவில் சிக்னல் அடிக்கடி போய்விடும். நடுவில் விளம்பரம் வேண்டவே வேண்டாம்.

முடிந்தால் உங்களில் ஒருவர் ஒரு மாலை எங்கள் திண்ணையில் வந்து உட்காருங்கள். ஐந்தரைக்குத் தொடங்குவோம். ஆடு திரும்பி வந்த கதையை அந்தப் பையனே உங்களுக்கு எழுதிக் காட்டுவான்.

அன்புடன்,
ஒரு தன்னார்வலர்