ஹெட்லைட் பல்பு மாற்றும் முன் இளங்கோவுக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். உன் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக்காரம்மா ஒரு வரி எழுதினால்தான் நம்புவேன். இங்கே மழை ஒருவழியாக ஓய்ந்தது. கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறது, கொசுவும் குறைவில்லை. இவளுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்காவிட்டால் தூக்கம் வராது என்கிறாள். நெய்வேலி குவார்ட்டர்ஸை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும், உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்து இன்னும் தினமும் ஒரு முறை அலுத்துக்கொள்கிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வேகன்ஆரில் ராத்திரி வெளிச்சம் போதவில்லை, கடைக்காரர் காட்டும் எல்ஈடி செட்டைப் போடலாமா, இல்லை 100/90 வாட்ஸ் பல்பு போடலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம். காரணம் சொல்லாவிட்டால் நீ விடமாட்டாய் என்று தெரியும், அதனால் கொஞ்சம் நீளும்.

உன் வண்டியில் இருப்பது ஹெச்4 ரக ஹாலஜன் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை, தூரத்துக்கான ஹை பீமுக்கு 60 வாட்ஸ், கிட்டத்துக்கான லோ பீமுக்கு 55. ஒரு நாள் கழற்றி வெயிலில் பிடித்துப் பார், கண்ணாடியில் மட்டும் விரல் படக்கூடாது. லோ பீம் இழைக்கு அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு உலோகக் கிண்ணம் தெரியும். முழு விஷயமும் அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது. இழையிலிருந்து கீழே போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடுகிறது. மறைக்காவிட்டால் அந்த வெளிச்சம், பல்பைச் சுற்றிப் பளபளவென்று இருக்கும் குழிவான ரிஃப்ளெக்டரின் அடிப்பாதியில் பட்டு மேல்நோக்கித் திரும்பி, எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். கிண்ணத்தின் ஒரு விளிம்பைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். அந்தச் சாய்வால்தான் லோ பீம் வலது பக்கம் மட்டமாக நின்று, இடது ஓரம் மட்டும் மேலே ஏறுகிறது. சாலையோரம் நடந்து போகிறவனும் மைல்கல்லும் தெரிவது அதனால்தான். 1971-ல் வந்த வடிவம் இது, இன்றைக்கும் அப்படியே ஓடுகிறது.

ரிஃப்ளெக்டரை வடித்தவன் அந்த இழை நிற்கும் இடத்தைக் கணக்கு வைத்துத்தான் வடித்திருக்கிறான். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கணக்கு கெட்டுவிடும். எல்ஈடி பல்பில் இழையே கிடையாது. ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகள்தான். இழை சுற்றிலும் வெளிச்சம் வீசும், சில்லு தான் பார்க்கும் பக்கம் மட்டும் வீசும். இரண்டையும் ஒரே ரிஃப்ளெக்டருக்குள் வைத்து ஒரே வேலை வாங்க முடியாது.

இதையெல்லாம் சொல்லியும் நம் பாலு கேட்கவில்லை. புதுச்சேரியில் ஒரு கடையில் எல்ஈடி மாட்டிக்கொண்டு நேரே என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தான். டப்பாவில் 200 வாட்ஸ், 20,000 லூமென்ஸ் என்று போட்டிருந்தது. மீட்டரை எடுத்து வந்து கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தேன். ஒரு பல்புக்கு இரண்டு ஆம்பியருக்குச் சற்று மேல். பதின்மூன்றரை வோல்ட்டால் பெருக்கினால் 28 வாட்ஸ். லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. வாட்டுக்கு நூறு லூமென் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மூவாயிரத்தைத் தாண்டாது. ஹெச்4 ஹாலஜனின் தரக்கணக்கு ஹை பீமில் 1650 லூமென், லோ பீமில் 1000. ஆக எல்ஈடியில் வெளிச்சம் அதிகம்தான், அதை மறுக்கவில்லை. அது எங்கே போய் விழுகிறது என்பதுதான் கேள்வி.

அதையும் பார்த்துவிடலாம் என்று இடது பக்கம் பழைய ஹாலஜனைத் திரும்ப மாட்டி, வலது பக்கம் எல்ஈடியை விட்டு, எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை நோக்கி வண்டியை நிறுத்தினோம். ஒவ்வொரு விளக்காகத் துண்டால் மூடிப் பார்த்தோம். ஹாலஜன் சுவரில் கோடு கிழித்தது. கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு, இடது ஓரம் அந்தச் சாய்வு. எல்ஈடி பக்கம் கோடே இல்லை. நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு, பக்கத்தில் ஒரு கருப்புத் திட்டு, மேலே முதல் மாடி ஜன்னல் வரை சிதறல். எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்து என்னப்பா ஷூட்டிங்கா என்றார். அப்புறம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பம்பருக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை வெளேர் என்று இருந்தது. கிட்டத்தில் அத்தனை வெளிச்சம் இருந்தால் கண்ணின் பாப்பா சுருங்கிவிடுகிறது, தூரம் இன்னும் இருட்டாகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது, பிரேக் பிடித்து நிற்க ஐம்பது அறுபது மீட்டராவது வேண்டும். அந்தத் தூரத்தில் கிடப்பது தெரிய வேண்டுமே தவிர, பம்பருக்கு முன்னால் கிடக்கும் கூழாங்கல் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பாலுவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எதிரே வருகிறவன் எல்லாம் எனக்கு டிம் அடித்துக் காட்டுகிறான் பார் என்று பெருமை வேறு. அவன் திட்டிக்கொண்டே அடிக்கிறான் என்று சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 106, எட்டு மீட்டர் தள்ளி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கிறது. பைக்கில் வருகிறவனின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். புதுச்சேரி எல்லையில் முள்ளோடை செக்போஸ்ட் தாண்டிக் கன்னியக்கோவில் பக்கம் ராத்திரியில் பைக்கில் போகிறவர்கள் எத்தனை பேர், அதில் நிதானத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிறத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளை எல்ஈடி உண்மையில் நீலச் சில்லு. அதன்மேல் பூசிய, பாஸ்பர் என்னும் மஞ்சள் ஒளிர்பொருள்தான் அதை வெள்ளையாகக் காட்டுகிறது. அந்த நீலச் சில்லுக்காகத்தான் 2014-ல் மூன்று பேருக்கு நோபல் கொடுத்தார்கள், அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதன் நீலம் கலந்த 6000 கெல்வின் வெளிச்சம் மார்கழிப் பனியில் திரை கட்டிவிடுகிறது, மழையில் நனைந்த தார்ச்சாலையில் காணாமலே போகிறது. ஹாலஜனின் மஞ்சள் கலந்த 3200 கெல்வின் என் கண்ணுக்கு அங்கே எவ்வளவோ மேல்.

100/90 பல்பு இன்னும் மோசம். லோ பீமில் 90 வாட்ஸ் என்றால் ஒரு பல்புக்கு ஏழரை ஆம்பியர். உன் வண்டியின் வயரும் பிளாஸ்டிக் ஹோல்டரும் அதற்காகச் செய்தவை அல்ல. ஹோல்டர் இளகும், ரிஃப்ளெக்டரின் பளபளப்பு கருகும். வயர் தீயும் வாசனை அனல்மின் நிலையத்தில் நம் இருவருக்கும் பழகியதுதான், அதைக் காருக்குள்ளும் பிடிக்க வேண்டாம். ஹெச்ஐடி என்னும் செனான் விளக்கு பற்றி நீ கேட்கவில்லை. ப்ரொஜெக்டர் லென்ஸோடு கம்பெனியே வைத்துக் கொடுத்தால் பிரமாதம், ரிஃப்ளெக்டரில் திணித்தால் எல்ஈடிக்கு அண்ணன்.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் மீட்டரை எடு. இன்ஜின் ஓடட்டும், லோ பீம் எரியட்டும். பேட்டரி முனையில் ஒரு ரீடிங், பல்பின் பின்பக்கம் வயர் செருகும் கப்ளரில் ஒரு ரீடிங். ஹாலஜனுக்கு வோல்டேஜ்தான் உயிர். ஒரு வோல்ட் குறைந்தால் ஏறக்குறைய கால் பங்கு வெளிச்சம் போய்விடும். பழைய சின்னக் கார்கள் பலவற்றில் ஹெட்லைட் கரண்ட் முழுக்க ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. மெல்லிய வயர், தேய்ந்த காண்டாக்ட், துருப்பிடித்த எர்த், மூன்றும் சேர்ந்து பல்புக்கு வர வேண்டியதில் பாதி வழியிலேயே வரி வசூலித்துவிடுகின்றன.

என் வண்டியில் 11.9 வோல்ட்தான் வந்துகொண்டிருந்தது. இம்பீரியல் ரோட்டுக்குப் பின்னால் ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார், பேச்சு குறைவு, வேலை சுத்தம். அவரிடம் சொல்லி ரிலே கிட் போட்டேன். ரிலே என்றால் சின்னக் கரண்டில் தூண்டினால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த வயர் நேரே ரிலேவுக்கு, அங்கிருந்து பீங்கான் ஹோல்டருக்கு. பழைய கப்ளர் ரிலேவைத் தூண்டிவிடுவதோடு சரி. எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினார். இப்போது 13.3 வோல்ட் வருகிறது. அதே பல்புதான், கணக்குப்படி வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பல்பின் ஆயுள் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

அடுத்து ஹெட்லைட்டின் முகப்பு. நீ வண்டியை வருஷக்கணக்கில் வெயிலில் நிறுத்துகிறவன். முகப்பின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மஞ்சளித்துப் போயிருக்கும். அதற்குப் பின்னால் எந்தப் பல்பைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. 800-ல் ஆரம்பித்து 1500, 2000 என்று உப்புத்தாளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் வெயிலைத் தாங்கும் யுவி கோட்டிங் அடிக்கச் சொல். கோட்டிங் இல்லாமல் விட்டால் சில மாதத்தில் திரும்பவும் மஞ்சள்தான்.

இவ்வளவும் செய்த பிறகு ஆசை தீரவில்லை என்றால், அதே 60/55 வாட்ஸில் பிலிப்ஸ், ஆஸ்ரம் போன்ற கம்பெனிகள் விற்கும் கூடுதல் வெளிச்ச ரகத்தை வாங்கு. டப்பாவில் 130 சதவீதம் என்று போட்டிருந்தால், அது சாலையில் ஏதோ ஒரு புள்ளியில் அளந்த கணக்கு, மொத்த வெளிச்சம் அத்தனை கூடாது. சீக்கிரமும் போய்விடும். நீலப்பூச்சு பூசிய பல்பை மட்டும் தொடாதே, அந்தப் பூச்சே வெளிச்சத்தைத் தின்றுவிடும். மாட்டியதும் சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளி வண்டியை மட்டமான தரையில் நிறுத்து. விளக்கின் நடு உயரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே கோடு விழ வேண்டும். டேஷ்போர்டில் விளக்கை ஏற்றி இறக்கும் குமிழ் இருந்தால் அளக்கும்போது அது பூஜ்யத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. எதிரே வரும் விளக்கெல்லாம் நட்சத்திரம் மாதிரி சிதறுகிறது என்று கடிதத்தில் ஓரமாக எழுதியிருக்கிறாய். அது பல்பு விஷயம் இல்லை. அறுபதில் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் இருபது வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான். அதோடு புரையும் சேர்ந்தால் இப்படித்தான் சிதறும். உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. இங்கே வரும்போது இரண்டு நாள் கூட இரு. தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை புதுச்சேரி போகிற வழியில்தான், நானே கூட்டிப்போகிறேன். கண்ணில் மருந்து விட்டால் அன்றைக்கு நீ ஓட்ட முடியாது, அதனால் என் வண்டியிலேயே போகலாம்.

பொங்கலுக்கு வருவதானால் பகலிலேயே கிளம்பு. கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது. பண்ருட்டியிலிருந்து நெல்லிக்குப்பம் ஆலை வரை டிராக்டர்கள் வரிசை கட்டுகின்றன. பின்னால் சிவப்பு விளக்கும் கிடையாது, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் கிடையாது, கரும்புத் தோகை தரையைத் தொட்டுக்கொண்டு போகும். பக்கத்தில் போனால்தான் டிராக்டர் என்றே தெரியும்.

மீட்டர் ரீடிங் இரண்டையும் எழுதி அனுப்பு, ரிலே கிட் இங்கேயே வாங்கி வைக்கிறேன். வரும்போது சேலத்து ஜவ்வரிசி வடகம் இரண்டு கிலோ கொண்டு வா. போன தடவை கொண்டு வந்ததைப் பாலு பாதி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்புடன்,
குமரவேல்