சனிக்கிழமை மாலை: ஒரு குட்டிப் பூனைப் படம்
நண்பர்களே, இந்தச் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மொட்டைமாடியில் 'ஃபீட் த கிட்டி' போடுகிறோம். சக் ஜோன்ஸ் இயக்கி 1952இல் வந்த வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன், சுமார் ஏழு நிமிடம்தான்.

மார்க் ஆண்டனி என்ற முரட்டு புல்டாக் எவ்வளவு குரைத்தாலும் அந்தக் குட்டிப் பூனை பயப்படாது. அதன் முதுகிலேயே ஏறி, மிதித்து மிதித்து இடம் பண்ணிக்கொண்டு சுருண்டு தூங்கிவிடும். நகம் குத்தும்போது நாயின் முகத்தைக் கவனியுங்கள். பூனை வளர்ப்பவர்களுக்கு அந்த வலி நன்றாகவே தெரியும்!

அப்புறம், பூனை பிஸ்கட் மாவோடு சேர்ந்து வெந்துபோனதாக நினைத்து நாய் அழும் இடம். வீட்டுக்கார அம்மா கொடுத்த பூனை வடிவ பிஸ்கட்டை முதுகில் வைத்துக்கொண்டு நடக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சின்னப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பூனைக்கு ஒன்றும் ஆகாது. உட்காரப் பாய் கொண்டு வாருங்கள்.