வலியைத் தாங்கிக்கொண்டிருக்காதே

அன்புள்ள கண்ணா,

கை வியர்வைக்கு ஆபரேஷன் செய்துகொண்ட நீ, நேற்று போனில் பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாய். "ஒன்றுமில்லை அம்மா, தாங்கிக்கிறேன்" என்றாய். எனக்குப் பயமே நீ தாங்கிக்கொள்வதுதான்.

பள்ளி நாட்களிலும் அப்படித்தான் இருந்தாய். கை வியர்த்துக்கொண்டே இருக்கும், கைக்கு அடியில் கைக்குட்டை வைத்து எழுதுவாய். அப்படியும் மை கலங்கி, தாளின் ஓரம் சுருங்கிப்போயிருக்கும். "பதற்றப்படாதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு வைத்தியம் தேவை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அக்குளில் தையல் சின்னதுதான். ஆனால் விலா எலும்புகளுக்கு நடுவே குழாயை விட்டு, நுரையீரலைச் சுருங்க வைத்து, கையை வியர்க்க வைக்கும், முதுகெலும்பை ஒட்டிய நரம்பை வெட்டியிருக்கிறார்கள். குழாய் போன வழியில் விலா நரம்புகள் நசுங்கியிருக்கும். மூச்சை இழுத்தால் நெஞ்சிலும் முதுகிலும் பிடிப்பது அதனால்தான். வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது. சளி தேங்கும், நிமோனியா வரை போகலாம். நன்றாக மூச்சு விடவும் இருமவும்தான் உனக்கு அந்த வலி மாத்திரை.

அதனால் வலி ஏறும்வரை காத்திருக்காதே. டாக்டர் எழுதிக் கொடுத்த இப்யூபுரூஃபனை அவர் சொன்ன நாள் வரை, சொன்ன நேரத்துக்குப் போடு. காயம்பட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கூட்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உருவாவதை அது குறைக்கிறது. வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான், ஆகவே சாப்பிட்ட பிறகு போடு. கை காய்ந்துவிட்டது, இப்போது முதுகும் தொடையும் வியர்க்கிறது என்றாயே, தண்ணீர் குடிக்க மறக்காதே. உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது இந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

வலி அடங்கவில்லை என்று நீயாக டைக்ளோஃபெனாக் வாங்கிச் சேர்க்காதே, இரண்டும் ஒரே இனம். பாராசிட்டமால் வேறு வகை, அதைச் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேள். சளி மாத்திரையிலும் அது இருக்கும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. அப்புறம், சின்ன வயதில் உனக்கு வீசிங் இருந்ததே, அதை டாக்டரிடம் சொன்னாயா? சிலருக்கு இப்யூபுரூஃபனே அதைக் கிளப்பிவிடும். இன்றைக்கே சொல்லிவிடு.

இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள். திடீரென்று மூச்சுத் திணறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ என்னைக் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

ராத்திரி மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடு. மூச்சு எப்படி இருக்கிறது என்று உன் குரலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா