போராடாமல் கிடைத்ததா பெண்களின் வாக்குரிமை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களின் வாக்குரிமை வரலாறு குறித்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பிரிட்டனில் பெண்கள் சிறை சென்றும், உண்ணாநோன்பிருந்தும், வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டும் அவ்வுரிமையை வென்றதை விரிவாக எழுதிய கட்டுரையாளர், இந்தியப் பெண்களுக்கு அரசமைப்புச் சட்டம் 1950இல் எந்தப் போராட்டமும் இன்றி அதை வழங்கிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். மேடைகளில் அடிக்கடி கேட்கிற கூற்றுதான் இது. பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில் நானும் சில ஆண்டுகள் மாணவிகளுக்கு இப்படியே சொல்லிக்கொடுத்தேன் என்பதால், அதைத் திருத்தும் கடமை மற்றவர்களைவிட எனக்குக் கூடுதலாகவே உண்டு.

அந்தப் போராட்டத்தின் முதல் அடி சென்னையில்தான் எடுத்துவைக்கப்பட்டது. 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ், அயர்லாந்தில் பிறந்து, பெண்களின் வாக்குரிமைக்காக லண்டன் ஹோலோவே சிறையில் அடைபட்டு வந்தவர். ஆகவே பிரிட்டனில் நடந்ததும் இங்கே நடந்ததும் தொடர்பற்ற இரண்டு கதைகள் அல்ல. பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மாண்டேகு, புதிய அரசியல் சீர்திருத்தச் சட்டத்துக்குக் கருத்துக் கேட்க அவ்வாண்டு சென்னைக்கு வந்தபோது, பெண்கல்வி பற்றிப் பேசுவதற்கே சங்கத்தினர் முதலில் அனுமதி கேட்டனர். அரசியல் கோரிக்கைகளோடு வருகிற குழுக்களை மட்டுமே அமைச்சர் சந்திப்பார் என்று பதில் வந்தது. அப்படியானால் அரசியலையே பேசுவோம் என்று முடிவெடுத்து, சரோஜினி நாயுடுவின் தலைமையில் டிசம்பர் மாதம் அமைச்சரைச் சந்தித்த பெண்கள் கேட்டது மிக எளிய ஒன்று: புதிய சட்டத்தில் ‘மக்கள்’ என்று எழுதும்போது அச்சொல்லில் பெண்களும் அடங்குவர் என்று ஏற்க வேண்டும்.

அதைக்கூட ஏற்பதற்கு ஆட்சியாளர்களுக்கு மனம் வரவில்லை. வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழு, நாட்டின் சமூக நிலையைக் காரணம் காட்டி, பெண்களுக்கு அவ்வுரிமை தருவதற்கான காலம் இன்னும் வரவில்லை என்று பரிந்துரைத்தது. அன்னி பெசன்ட், சரோஜினி நாயுடு, ஹீராபாய் டாட்டா, அவருடைய மகள் மிதன் ஆகியோர் 1919இல் லண்டன் வரை சென்று வாதாடிய பிறகும், முடிவெடுக்கும் பொறுப்பை அந்தந்த மாகாணச் சட்டமன்றங்களிடம் தள்ளிவிட்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விலகிக்கொண்டது. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த சென்னை மாகாணம் 1921 ஏப்ரலில் பெண்கள் வாக்களிப்பதற்கு இருந்த தடையை நீக்கியது. சில மாதங்களில் பம்பாயும் அதைப் பின்பற்றியது. வங்காளச் சட்டமன்றமோ அதே ஆண்டில் கோரிக்கையை நிராகரித்து, 1925இல்தான் இறங்கி வந்தது.

சென்னை முந்திக்கொண்டதைப் பெருமையுடன் சொல்கிற நாம், அந்த உரிமை எத்தனை பெண்களைச் சென்றடைந்தது என்பதைச் சொல்வதில்லை. வாக்களிக்கச் சொத்து வேண்டும். வரி கட்டியிருக்க வேண்டும். பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்குப் பங்கில்லை என்றிருந்த நாட்டில் ஒரு பெண் சொத்துக்கு எங்கே போவாள்? 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியதை, வாக்குரிமையிலிருந்து பிரித்து வேறொரு அத்தியாயத்தில் படிப்பது நம் பாடநூல்களின் வழக்கம். அந்தத் தீர்மானத்தின் சாரம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சொத்தில்லாத பெண்களின் எண்ணிக்கையை ஈடுகட்ட, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் ஒரு விந்தையான வழியைக் கண்டுபிடித்தது. எழுதப்படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு வாக்கு உண்டு, அது போகட்டும். சொத்துத் தகுதியுள்ள ஆணின் மனைவிக்கும் கைம்பெண்ணுக்கும், படைவீரரின் ஓய்வூதியம் பெறும் கைம்பெண்ணுக்கும் தாய்க்கும் வாக்கு உண்டு என்றும் அது சொன்னது. பிரிட்டனே 1918இல் தன் பெண்களுக்கு, முப்பது வயது கடந்திருக்க வேண்டும், தனக்கோ கணவனுக்கோ சொத்துத் தகுதி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வாக்குரிமை அளித்தது. ஆண்களோடு சமநிலை அங்கே 1928இல்தான் வந்தது. பெண்ணைப் பெண்ணாக எண்ணாமல் இன்னாரின் மனைவியாக எண்ணுகிற அந்தப் பழைய அளவுகோலையே கடல் கடந்து இங்கேயும் கொண்டுவந்தார்கள். இந்திய மாதர் சங்கமும் அகில இந்திய மாதர் மாநாடும், சட்டம் உருவாகிக்கொண்டிருந்தபோதே இதை எதிர்த்தன. வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்பதற்குக் குறைவான எதையும் ஏற்க இயலாது என்று கூட்டாக மனு அளித்தன. முத்துலட்சுமி ரெட்டியும் ராஜ்குமாரி அம்ரித் கௌரும் 1933இல் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சாட்சியம் அளித்தனர். சலுகையாக நீட்டியதை அவர்கள் வேண்டாம் என்று சொன்னது போராட்டம் அல்லவென்றால், போராட்டம் என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் வைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை.

1950இல் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 21 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் வாக்காளர் ஆனார்கள். ஆனால் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவு செய்துகொண்டார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. பெயரைத் தெரிவிக்க அவகாசம் கொடுத்த பிறகும் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. மொத்தப் பெண் வாக்காளர்கள் சுமார் எட்டுக் கோடி பேர் என்றால், இது சிறிய எண்ணிக்கை அல்ல. அவருடைய கண்டிப்பு சரியா என்று நான் நெடுங்காலம் எனக்குள்ளேயே வாதிட்டிருக்கிறேன். உரிமை கிடைத்த முதல் நாளிலேயே அதைப் பறித்தது கொடுமைதான். எனினும் ‘இன்னாரின் மனைவி’ என்ற பெயரில் ஒரு வாக்கு பதிவாகியிருந்தால், அது 1935ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொல்லைப்புற வழியாக உள்ளே அழைத்ததாகவே ஆகியிருக்கும். ஆகவே அவர் செய்தது சரியென்றே இன்று கருதுகிறேன்.

வடக்கில்தான் இப்படி என்று நாம் நிம்மதி கொள்வதற்கில்லை. பணிக்காலத்தில் வாக்காளர் பட்டியல் சரிபார்ப்புக்காக வீடுவீடாகச் சென்றிருக்கிறேன். தம் பெயரைத் தயக்கமின்றிச் சொன்ன வயதான பெண்கள், அடுத்த கட்டத்தில் கணவர் பெயரைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் நின்ற பேரனைச் சொல்லச் சொல்வார்கள். அவர்கள் உச்சரிக்கக்கூடாத அந்தப் பெயர்தான் படிவத்தில் அவர்களுக்கு அடையாளமாக இருந்தது என்பதை நினைத்துப் பலமுறை சிரித்திருக்கிறேன்; பின்பு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்களே அதிகம். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என 2016இல் சட்டம் வந்தது. இருந்தும், மனைவி தலைவராக இருக்கும் ஊராட்சியில் கணவரை ‘தலைவர்’ என்று அழைப்பதும், அவரே கூட்டத்தில் நாற்காலி போட்டு அமர்வதும் நமக்கு உறுத்துவதே இல்லை. மக்களவைக்கு 2019இல் 78 பெண்கள் தேர்வானார்கள். 2024இல் அது 74ஆகக் குறைந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறியதற்கு அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் இப்படி நேர்ந்தது. சட்டம் கட்டாயப்படுத்தும் நாள் வரும்வரை, தாமாகப் பெண் வேட்பாளர்களை நிறுத்த வேண்டும் என்று பெரும்பாலான கட்சிகளுக்குத் தோன்றவில்லை.

கட்டுரையாளரிடம் குறை காண்பது என் நோக்கம் அல்ல. அடுத்த முறை இப்பொருள் பற்றி எழுதும்போது, 1917இன் சென்னைச் சந்திப்புக்கும் நீக்கப்பட்ட அந்த 28 லட்சம் பெயர்களுக்கும் ஒரு பத்தியாவது ஒதுக்குமாறு வேண்டுகிறேன். கூடவே, 1952இல் முதன்முதலாக வாக்குச்சாவடிக்குச் சென்ற தம் பாட்டிமார்களிடமிருந்து கேட்டறிந்ததை எழுதி அனுப்புமாறு வாசகர்களைத் தங்கள் நாளிதழ் அழைக்கலாம். எழுதுகிறவர்கள், அந்தப் பாட்டியின் பெயரையும் மறவாமல் குறிப்பிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்