செயலாளரின் ஆண்டறிக்கை: நெடுந்தீவுப் பாய்வள்ளப் பயணம் பற்றிய விளக்கத்துடன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, இன்றைய பொதுக்கூட்டத்திற்கு வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே,

தைப்பொங்கலை ஒட்டிப் பண்ணைக் கடலில் நடத்திய சிறுவர் வள்ள ஓட்டம் நல்லபடியாக நிறைவேறியது. வள்ளக் கொட்டகைக் கூரை சிரமதானம் மூலம் வேயப்பட்டது. நிர்வாக சபை கூடியபோதெல்லாம் கூட்ட நடப்பெண் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வரவு) இருந்ததா என்பதை வரவுப் புத்தகம் பார்த்து அறிந்துகொள்ளலாம்.

இவ்வாண்டின் முதன்மையான நிகழ்வு, புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்கு இயந்திரம் இல்லாமல் பாயை மட்டுமே நம்பிச் சென்ற பயணமாகும். அதைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேசப்படுவதால், நடந்ததைச் சற்று விரிவாகவே பதிவு செய்ய வேண்டியுள்ளது. சோளகம் அடிக்கும் ஆடி மாதத்தில் யாராவது நெடுந்தீவுக்குப் பாய் எடுப்பார்களா என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஊருக்கு வரும் வெளிநாட்டு அங்கத்தவர்களின் வசதிக்காக இக்காலமே தெரிவு செய்யப்பட்டது என்பதும், அத்தீர்மானத்திற்கு இன்று கேள்வி எழுப்புவோரும் கை உயர்த்தினர் என்பதும் கூட்டக்குறிப்பில் உள்ளன. சோளகம் தென்மேற்கிலிருந்து வரும் காற்று. நெடுந்தீவும் குறிகாட்டுவானுக்கு ஏறத்தாழ அதே திசையில்தான் இருக்கிறது. காற்றின் முகத்துக்கு நேரே எந்தப் பாயும் ஓடாது. ஆதலால் வலமும் இடமுமாகக் குறுக்கே வெட்டி வெட்டித்தான் முன்னேற வேண்டும் என்பதை அறிந்தே, வெயில் ஏறிக் காற்று முறுகுவதற்குள் பாதிக் கடலைத் தாண்டிவிடும் வகையில், விடியற்காலைப் புறப்பாடு என்று அறிவித்திருந்தேன்.

வள்ளம் கரையை விட்டபோது காலை எட்டு மணி கடந்துவிட்டது. பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. சிலருடைய தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. ஒருவர் ஊர்காவற்றுறையில் நிற்பதாகச் சொல்லிக்கொண்டே யாழ்ப்பாணத்தில் இருந்தார். நிலத்தில் நடக்கும் கூட்டத்திற்கு வராவிட்டால் கதிரை வெறுமையாக இருக்கும், அவ்வளவே. பாய்வள்ளத்தில் விடயம் வேறு. காற்று பாயைச் சாய்க்கும்போது ஆட்கள் எதிர்ப்பக்க விளிம்பில் ஏறியிருந்துதான் வள்ளத்தை நிமிர்த்துகிறார்கள். வராதவர்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றினோம். மனிதன் ஒரு சொல்லுக்கு மறுபக்கம் நகர்வான். ஈர மணல் மூட்டையை ஒவ்வொரு திருப்பத்திலும் இருவர் முழங்காலில் நின்று இழுக்க வேண்டும். எனினும், மூட்டைகளாவது சொன்ன நேரத்துக்கு வந்திருந்தன.

புங்குடுதீவுக் கரை பின்வாங்கி, வலப்புறத்தில் நயினாதீவு அம்மன் கோபுரம் தெரியத் தொடங்கியபோது கடல் முற்றாக மாறியது. ஆழம் குறைந்த இக்கடலில் அலை நீண்டு புரளாது; குட்டையாகவும் நெருக்கமாகவும் எழும். அன்று நீவாடு எனும் கடல் நீரோட்டமும் காற்றுக்கு எதிராக ஓடியதால், ஓர் அலையிலிருந்து வள்ளத்தின் முன்பக்கமான அணியம் இறங்குமுன்பே அடுத்த அலை உள்ளே கொட்டியது. பொருளாளர் அவர்கள் வெட்டிய பிளாஸ்டிக் கானால் இடைவிடாது தண்ணீர் இறைத்தார். நெடுந்தீவு அங்கத்தவர்களிடம் சந்தா அறவிடுவதற்காக அவர் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்த பற்றுச்சீட்டுப் புத்தகம், அவர் இறைத்த தண்ணீரிலேயே பிறகு மிதந்தது.

நடுக்கடலில் பாயின் கீழ் மூலை, பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு கட்டும் இடத்தில் கிழிந்தது. பாயை ஏற்றி இறக்கும் கயிறான ஆஞ்சானைத் தளர்த்திப் பாயை இறக்கி, மூத்த சம்மாட்டி ஐயா அவர்கள் வலைநூலால் அதைத் தைத்து முடிக்கும்வரை, அரும்பாடுபட்டு எட்டிய தூரத்தின் ஒரு பகுதியைக் காற்று எங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. பாயை மாற்ற வேண்டும் என்று சென்ற ஆண்டறிக்கையிலேயே எழுதியிருந்தேன். சந்தா நிலுவை வந்து சேர்ந்திருந்தால் இப்பயணம் புதிய பாயில் நடந்திருக்கும் என்பதை இச்சபை கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். மோட்டார்ப் படகு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடக்கும் கடலைத் தாண்டி நாங்கள் நெடுந்தீவின் மாவிலித்துறையை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒருவருக்கும் காயமில்லை. முருகைக்கல் வேலி ஓரத்தில் ஈர உடுப்புகளைக் காயப்போட்டிருந்தவர்களுக்கு ஒடியல் கூழ் கொடுத்த நெடுந்தீவு மக்களுக்குச் சங்கம் கடமைப்பட்டுள்ளது. திரும்பும்போது காற்று பின்னால் நின்றதால் சிரமம் இருக்கவில்லை.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளுடன் 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்ததை நமது கூட்டங்களில் யாராவது ஒருவர் நினைவூட்டாமல் இருப்பதில்லை. அப்பெருமையில் எனக்கும் பங்குண்டு. அதைப் பேசுபவர்கள் குறிகாட்டுவான் வரையாவது வந்திருக்கலாம் என்பது மட்டுமே என் தாழ்மையான அபிப்பிராயம்.

கணக்கு விபரங்களைப் பொறுத்தவரை, மேற்கூறிய காரணத்தால் சில பற்றுச்சீட்டுகளின் எழுத்து கரைந்துவிட்டதால், வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக உள்ளன என்றும், சிறு மீதி கையிருப்பில் உண்டு என்றும் பொருளாளர் அவர்கள் தெரிவிக்கிறார். தெளிவான கணக்கு, கணக்காய்வாளர் பார்த்தபின் சமர்ப்பிக்கப்படும். கொடுத்துதவிய அன்பர்களுக்கும், அனுமதி வழங்கிய அதிகாரிகளுக்கும், கொட்டகைக்கு இடம் தந்த குடும்பத்தினருக்கும் நன்றி.

எதிர்வரும் பயணத்தைச் சோளகம் தொடங்குமுன், பங்குனி, சித்திரை மாதங்களில் நடத்தலாம் என்று நிர்வாக சபை கருதுகிறது. அதற்குள் பாய் தைத்தாக வேண்டும். துணிக்காரர் முற்பணம் இல்லாமல் துணி வெட்டமாட்டார். சந்தா நிலுவையில் உள்ளவர்களின் பெயர்களை வாசிக்கும்படி சிலர் கேட்டுக்கொண்டனர். நாகரிகம் கருதி அவ்வாறு செய்யவில்லை. பட்டியல் வாசற்படியில் உள்ள மேசையில் இருக்கிறது. பொருளாளர் அவர்களும் அங்கேயே, புதிய பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன், கூட்டம் முடியும்வரை அமர்ந்திருப்பார். இப்பதவியை அடுத்த ஆண்டு ஏற்க விரும்புவோர் தேர்தலுக்கு முன் என்னிடம் எழுத்தில் தரலாம். கொட்டகைச் சாவியையும் மணல் மூட்டைகளையும் உடனே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்