பயல் பத்திரமாக வந்து சேர்ந்தான்

கொச்சபாம்பா, பொலிவியா

அன்புள்ள வாத்தியாருக்கு,

சுகம். உன் சுகம் பயல் சொல்லித் தெரிந்தது. கடிதம் எழுதி எத்தனை நாளாச்சு என்று நீ ஆரம்பிப்பாய், தெரியும். திட்டுவதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள். இப்போது உன் தம்பி மகன் விஷயம்.

குருப்பட்டம் வாங்கியவனைப் பயல் என்று எழுதக்கூடாதுதான். நாலு பேர் முன்னால் ஃபாதர் என்றே கூப்பிடுகிறேன். உனக்கும் எனக்கும் நடுவில் அவன் பயல்தான்.

லா பாஸ் வழியாக டிக்கெட் போடாமல் சாந்தா குரூஸ் வழியாக வரவழைத்தது நல்லதாகப் போயிற்று. லா பாஸ் விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து வருகிறவனுக்கு இறங்கியதுமே தலை சுற்றும். சாந்தா குரூஸ் 400 மீட்டர்தான், இந்த ஊர் 2,560. நம் கொடைக்கானலைவிட நானூறு மீட்டர் கூட என்று வைத்துக்கொள். முதல் மூன்று நாள் மண்டை கனக்கும், தூக்கம் துண்டு துண்டாக வரும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும், ஓட்டம், பந்து விளையாட்டெல்லாம் ஒரு வாரம் கழித்துத்தான். கொக்கா இலை போட்ட தேநீர் எல்லார் வீட்டிலும் கிடைக்கும். அதைக் கேட்டு நீ பதற வேண்டாம், இங்கே அது நம் சுக்குத்தண்ணி மாதிரி.

சாப்பாடு பற்றி அண்ணிக்குச் சொல். மதியம்தான் இங்கே பெரிய சாப்பாடு. முதலில் சூப், அப்புறம் சோறும் கிழங்கும் கறியும். ராத்திரி டீயும் ரொட்டியும்தான், எட்டு மணிக்கு நம் ஆட்களுக்கு வயிறு கத்தும். இந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பானையில் சோறு வேக நேரமாகும், குக்கர் இருந்தால் கவலை இல்லை. ஊறுகாய் அனுப்ப வேண்டாம். லஹ்வா என்று ஒரு துவையல் வைக்கிறார்கள்: கறுப்பு விதையுள்ள லொகோத்தோ மிளகாய், தக்காளி, உப்பு, கில்கிஞ்ஞா என்ற பச்சிலை. பத்தான் என்கிற தட்டைக் கல்லில் போட்டு, பிறை மாதிரி வளைந்த கனத்த கல்லை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்தே அரைத்துவிடுவார்கள், தூக்குவதே இல்லை. பயல் அதைப் பார்த்த பிறகுதான் முகம் தெளிந்தான்.

காகிதம்: விசா முப்பது நாளுக்குத்தான். அதற்குள் குடியிருப்பு அனுமதிக்கு மனு போட வேண்டும். வெளிநாட்டிலும் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரையோடு சான்றிதழ்களைக் கொண்டுவந்தது புத்தி. அந்த முத்திரைக்கான பன்னாட்டு ஒப்பந்தம் பொலிவியாவில் நடப்புக்கு வந்தது 2018-ல்தான். முன்பெல்லாம் தூதரகம் தூதரகமாக அலைய வேண்டும்.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். மூன்றே மாதத்தில் அவனை ஸ்பானிஷ் மொழிப்பள்ளியிலிருந்து எடுத்து மலைமேல் இருக்கும் பங்குக்கோயில் ஒன்றுக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது. ஆள் பற்றாக்குறை, மறுக்கவில்லை. ஆனால் இது ஆகாது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், நீ அவன் சபையின் மாகாணத் தலைவரிடம் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும். உன்னிடம் கணக்குப் படித்தவர், உன் பேச்சைக் கேட்பார்.

நம் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷில் வாய் சீக்கிரம் வந்துவிடும். இவன் மார்த்தாண்டத்துக்காரன், ரகரமும் றகரமும் தனித்தனியாக வரும் நாக்கு. அமெரிக்கப் பிள்ளைகள் வாரக்கணக்கில் உருட்டிப் பழகும் ‘பெர்ரோ’ இவனுக்கு முதல் நாளே வந்தது. ஞகரம் நம்முடையதேதான். உயிர் ஐந்தே ஐந்து, எழுதியதை அப்படியே வாசிக்கலாம். இலக்கணத்திலும் இங்கிலீஷை மறந்துவிட்டுத் தமிழில் யோசித்தால் பாதி வேலை முடிந்தது. ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதெல்லாம் அப்படியே அதே அச்சில் வரும். வினை விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் நான், நீ என்று தனியாகப் போட வேண்டியதில்லை. நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு. ஆக இரண்டாம் வாரத்தில் பூசைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கணீரென்று வாசிப்பான். கோயிலில் இருப்பவர்கள் ஃபாதருக்கு மொழி வந்துவிட்டது என்பார்கள். மேலிடமும் அதை நம்பும். வம்பே அதுதான்.

காது அந்த வேகத்தில் வராது. பாடப்புத்தகத்தின் ஒலிப்பதிவு வேறு, மலைநாட்டுப் பேச்சு வேறு. இங்கே அழுத்தமில்லாத உயிரை விழுங்கிவிடுவார்கள். பேச்சுக்குப் பேச்சு வரும் ‘புவேஸ்’ வெறும் ‘ப்ஸ்’ ஆகிவிடும். உருட்ட வேண்டிய ரகரத்தைச் சீறலாகச் சொல்வார்கள். மலைநாட்டுப் பூர்வகுடிகளின் மொழியான கெச்சுவாவைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்றால் இன்னொரு சங்கடம்: அந்த மொழியில் அ, இ, உ மூன்றுதான், அதனால் எகரமும் இகரமும் கலந்து வரும். மேசை ‘மேசா’, பூசை ‘மிசா’. ஒரு பாட்டி வந்து கேட்டால் எது என்று இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அசை அழுத்தத்தில்தான் நம் ஆட்கள் எல்லாரும் விழுகிறார்கள். ‘பாப்பா’வின் முதல் அசையை அழுத்தினால் பாப்பரசர் (உருளைக்கிழங்கும் அதுவே), கடைசி அசையை அழுத்தினால் அப்பா. ‘ஆப்லோ’ முன்னால் அழுத்தினால் நான் பேசுகிறேன், பின்னால் அழுத்தினால் அவர் பேசினார். பிரசங்கத்தில் ஆண்டவர் பேசியதையெல்லாம் சாமியார் தானே பேசுவதாகச் சொல்லிக்கொண்டிருப்பார்! இதற்கு மருந்து, வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தும் அசைக்குக் கீழே பென்சிலால் கோடு போடுவதுதான். விருப்பத்தையும் வேண்டுதலையும் சொல்லும் வினை வடிவம் வேறு இருக்கிறது, எல்லாரையும் அழ வைக்கும். அதற்கு ஸ்பானிஷ் பரலோக மந்திரத்தை மனப்பாடம் செய்தாலே போதும், வருக, ஆகுக என்று அத்தனையும் அதில் கிடக்கிறது.

கணக்கைப் பார். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்பிக்கப் போட்டிருக்கும் வகுப்பு நேரம் 600 முதல் 750 மணி. அதுவும் இங்கிலீஷ்காரர்களுக்கு. தினம் நாலு மணி, வாரம் ஐந்து நாள் என்றால் மூன்று மாதத்தில் 240 மணிதான் ஆகும். பாதிகூட இல்லை.

இது புதுச் சண்டையும் இல்லை. 1961-ல் ரோமாபுரி, வட அமெரிக்கச் சபைகள் பத்து வருடத்துக்குள் பத்தில் ஒருவரை லத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டது. அதே வருடம் இவான் இல்லிச் என்ற குருவானவர் மெக்சிகோவின் குவெர்னவாகாவில் பயிற்சி மையம் தொடங்கினார். மொழிப் பயிற்சியைக் கசக்கிப் பிழிந்து கொடுத்தார், வந்தவர்களின் ஆர்வக்கோளாறையும் சேர்த்துத் தணித்தார். பொறுமை இல்லாதவன் வீடு திரும்பட்டும் என்பது அவர் கட்சி. எனக்கு அவரோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகாது, இதில் ஒத்துப்போகும். இந்த நாட்டிலேயே பார். சேவியர் அல்போ 1952-ல் கத்தலோனியாவிலிருந்து பதினேழு வயதில் சேசு சபை நவசந்நியாசியாக வந்தார். கெச்சுவா கற்றார், அப்புறம் அதையே ஆராய்ச்சிக்கும் எடுத்தார். 2023-ல் சாகும்வரை இந்த ஜனங்களோடுதான் இருந்தார். நம் வீரமாமுனிவரை மூன்று மாதத்தில் பங்குக்கு அனுப்பியிருந்தால் தேம்பாவணி கிடைத்திருக்குமா?

பூசையில் பேச்சு தவறினால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பாவசங்கீர்த்தனம் அப்படி இல்லை, வாத்தியாரே. முழங்காலில் நிற்கிறவள் மெல்லிய குரலில், பாதி கெச்சுவாவில், வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறாள். இவன் புரிந்தமாதிரி தலையாட்டி மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னால்? மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளத் திருச்சபைச் சட்டத்தில் இடமுண்டு, ரகசியம் காக்கும் கடமை அவருக்கும் உண்டு. ஆனால் நாற்பது வீடுள்ள மலைக்கிராமத்தில் யார் அடுத்த வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய் திறப்பார்கள்? எனவே குறைந்தது எட்டு மாதம் என்று கேள். அதில் கடைசி மூன்று மாதம் வகுப்பு பாதி நாள், மீதிப் பொழுது ஒரு குடும்பத்தோடு. சபை வீட்டில் நாலு இந்தியர் கூடினால் சாப்பாட்டு மேசையில் ஸ்பானிஷ் எங்கே வரும்?

அடுத்தது உனக்கு. தினம் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரம் கூப்பிடுகிறாயாம். இங்கே ராத்திரி என்றால் உனக்கு விடியற்காலை, அத்தனை சிரமப்பட்டுக் கெடுக்கிறாய்! பகலெல்லாம் காதில் விழுந்தது படியும் நேரம் அதுதான். ஞாயிறு ஒரு நாள், அரை மணி. அண்ணி அழுதால் நீ சமாதானம் சொல். இரண்டாம் மாதத்தில் அவனே ‘எனக்கு ஒன்றும் ஏறவில்லை’ என்பான். எல்லாரும் சொல்வது, பதறிப்போய் மாகாணத் தலைவருக்குப் போன் போடாதே.

கிறிஸ்துமசுக்கு வருகிறாய் என்றான். வா. மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள், பயணத்துக்குப் பத்து நாள் முந்தியாவது போட வேண்டும். ஊசி போட்டதற்குத் தரும் மஞ்சள் அட்டை இல்லாமல் ஊர் திரும்பினால் ஆறு நாள் வரைக்கும் உன்னைத் தனியாக அடைத்து வைப்பார்கள். அண்ணிக்கு அதில் ஆட்சேபணை இருக்காது.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்