எரிமலை இருந்தால் கண்டுபிடித்துவிடலாம், ஐயா

கல்குவாரிக்கு அனுமதி தருகிறவர்களுக்கும், அதை ஆய்வு செய்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

போன கருத்துக் கேட்புக் கூட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. மத்தியானம் வெடி போட்டால் வீடு ஆடுகிறது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் சொன்னார்கள். மேடையிலிருந்த அலுவலர் ஒருவர், "குவாரி வெடி அவ்வளவு தூரம் வராதும்மா, உங்க ஊருக்கு அடியில எரிமலை ஏதும் இருக்கோ என்னவோ" என்றார். மேடையே சிரித்தது. குவாரிக்காரர் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

நான் நிலவியல் படித்தவன். அலுவலர் கேலியாகச் சொன்னதை நான் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். அபிஷேகப்பட்டிப் பக்கம் மண் உருகிக் கிடந்ததைப் பார்த்து எரிமலை என்று ஜனங்கள் பேசிய திருநெல்வேலி மாவட்டம்தானே இது, கேட்பதில் தப்பில்லை. இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வழி இருக்கிறது. அதில் முதல் வேலையே நாங்கள் உங்களிடம் கேட்டுக்கொண்டிருப்பதுதான்: ஊருக்குள் ஒரு அதிர்வுமானியைக் கொண்டுவந்து வைப்பது.

எரிமலைக்குள் இறங்கி யாரும் பார்ப்பதில்லை. மலையைச் சுற்றி அதிர்வுமானிகளை வைத்துவிட்டு அது என்ன சொல்கிறது என்று கவனிக்கிறார்கள். பாறை முறிந்தால் வெடுக்கென்று ஓர் அதிர்வு வரும். விரிசல்களுக்குள் உருகிய பாறைக் குழம்பும் வாயுவும் நகர்ந்தால் வருவது மெதுவான அதிர்வு, பெரும்பாலும் 5 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கும், அதாவது நொடிக்கு ஐந்து ஆட்டத்துக்கும் குறைவு. நிலநடுக்க அலைகள் மலைக்கு அடியில் புகுந்து வரும்போது, உருகிய பாறை உள்ள இடத்தில் வேகம் குறையும். எந்த அலை எந்தக் கருவிக்கு எவ்வளவு பிந்தி வந்தது என்று கணக்குப் போட்டு, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற மாதிரி, இத்தாலியின் எட்னா மலைக்கு உள்ளே இருப்பதைப் படமாகவே போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் வாயு. கரியமில வாயு ஆழத்திலேயே குழம்பை விட்டுப் பிரிய ஆரம்பித்துவிடும். கந்தக டை ஆக்சைடு பெரும்பாலும் குழம்பு மேலே வந்த பிறகே பிரியும். இத்தாலியின் ஸ்ட்ராம்போலி எரிமலைத் தீவில் கந்தகத்தைவிடக் கரியமில வாயுவின் பங்கு திடீரென்று கூடினால், அடியிலிருந்து புதுச் சரக்கு ஏறி வருகிறது என்று உஷாராகிவிடுவார்கள். பிலிப்பைன்ஸில் பினடுபோ மலை 1991 ஏப்ரலில் நீராவியைச் சீறியது. உடனே அதிர்வுமானிகளை வைத்தார்கள், வாயுவையும் அளந்தார்கள். மே 13 அன்று நாளுக்கு 500 டன்னாக இருந்த கந்தக டை ஆக்சைடு மே 28இல் சுமார் 5,000 டன். ஜனங்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றினார்கள். ஜூன் 15 அன்று மலை வெடித்தது. "அதெல்லாம் ஒன்றும் இருக்காதும்மா" என்று மேடையிலிருந்தே சொல்லி அனுப்பியிருந்தால் எத்தனை ஆயிரம் பேர் போயிருப்பார்களோ.

எங்கள் ஊரில் கந்தக வாடை கிடையாது, வெந்நீர் ஊற்று கிடையாது. அடியில் இருப்பது சார்னோகைட்டும் நைஸும். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள். இன்றைக்கு இந்தியாவில் உயிரோடு இருக்கிற எரிமலை அந்தமான் கடலில், போர்ட் பிளேரையும் தாண்டி, பேரன் தீவில் இருக்கிறது. 1991இல் அது மறுபடி விழித்தது. அதுகூட சைரன் ஊதிவிட்டு ஆடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவும் விடுவதில்லை. எங்கள் ஊர் 'எரிமலை' இரண்டையும் தவறாமல் செய்கிறது.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி வீட்டுக்கு உங்கள் ஆள் ஒருவர் வந்து போனார். அடுப்படிச் சுவரில் பரணிலிருந்து தரை வரைக்கும் விரிசல். ஆச்சி பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரில்லை. ஆனால் தினக் காலண்டரில் கிழித்த தாளைச் சோற்றுப் பசை தடவி விரிசலின் குறுக்கே ஒட்டி வைத்திருந்தார். வெடி போட்டு விரிசல் விலகினால் தாள் நடுவில் கிழியும். கிழிந்ததை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே அன்றைய தாளை ஒட்டுவார். எந்தத் தேதியில் ஒட்டியது என்று தனியாக எழுத வேண்டியதில்லை, தாளிலேயே இருக்கிறது. நல்ல நேரம், ராகு காலம் உட்பட. மேலிருந்து கீழே வரிசையாகக் கிழிந்த தாள்கள். வந்தவர் அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சுவர் பழசு ஆச்சி" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். சுவர் பழசுதான், யார் இல்லை என்றது? பழசுக்கு ஏன் வெடி போடுகிற நாளில் மட்டும் வயசாகிறது என்பதுதான் ஆச்சி கேட்டது. அதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

இதில் ஊகத்துக்கே வேலை இல்லை, ஐயா. வெடியின் முதல் அலை எல்லாத் திசையிலும் வெளிப்பக்கமாகத் தள்ளும், புறப்படும் இடமும் தரைக்குப் பக்கத்திலேயே இருக்கும். பதிவைப் பார்த்தால் வெடியா, இயற்கையான நடுக்கமா என்று பழக்கமுள்ளவர் சொல்லிவிடுவார். எவ்வளவு அதிரலாம் என்பதற்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இருக்கிறது. குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளில், தரை ஆடுகிற வேகம், அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 25 ஹெர்ட்ஸ் வரை 10, அதற்கு மேல் 15. இது உங்களுக்குத் தெரியாததல்ல. குவாரித் தரப்பு கொடுத்த அறிக்கையிலும் ஓர் அளவு இருக்கிறது, வரம்புக்கு ரொம்பக் கீழே. எந்த இடத்தில் வைத்து அளந்தது என்பதை மட்டும் காணோம்.

ஊட்டியில், விண்வெளிக் கதிர்களால் காற்றில் உண்டாகிப் பாறையையும் ஊடுருவிப் போகிற மியூவான் துகள்களை எண்ணியே ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் அதே துகளைக் கொண்டு எரிமலைக்குள்ளேயும் பார்க்கிறார்கள். மேகத்துக்குள் இருப்பதை அளக்கத் தெரிந்த தமிழ்நாட்டில் ஆச்சியின் அடுப்படிச் சுவரை அளக்கத்தான் கருவி கிடைக்கவில்லை. கல்லை ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகிற டாரஸ் லாரிகளுக்கு மட்டும் எல்லாமே நேரத்துக்குக் கிடைத்துவிடுகிறது, டீசலும் டிரான்சிட் பாஸும். சரி, மன்னிக்கணும். லாரி விஷயம் வேறு மனு.

தயவுசெய்து அதிர்வுமானி ஒன்றை மூன்று மாதம் ஊருக்குள் வையுங்கள். குவாரி ஆபீஸில் வேண்டாம், வீடுகள் இருக்கிற இடத்தில். வெடி போட்ட நேரம், மருந்தின் அளவு, கருவி காட்டிய எண் மூன்றையும் வாரம் ஒருமுறை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். எண் வரம்புக்குள் இருந்தால் அதையும் ஒட்டுங்கள். நானே ஊரில் எடுத்துச் சொல்கிறேன், சுவரைப் பற்றி நாங்கள் கொத்தனாரிடம் பேசிக்கொள்கிறோம். வரம்பைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் சட்டத்திலேயே இருக்கிறது.

கருவிக்குக் கரண்ட் வேண்டுமென்றால் எங்கள் வீட்டிலிருந்து இழுத்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் வைத்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
குவாரிக்குக் கிழக்கே குடியிருக்கும் ஒருவன்